கேட்ட செய்தி உன்னை என்ன செய்தது?

வேதபகுதி: நெகேமியா 1, 2 அதிகாரங்கள்

எருசலேமின் அலங்கம் இடிந்துகிடக்கிறதைக் கேட்டு நெகேமியா அழுதான், உபவாசித்தான், ஜெபித்தான். அதோடு விட்டுவிட்டானா? இல்லை! சில மாதம் கழித்து ராஜாவினிடத்தில் போக உத்தரவும், வேலைக்கு மரமும் கேட்டான்.

1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர் அம்மையாரைப் பாருங்கள். மிஷனரி வேலையே வேண்டாம் என்றிருந்த வாலிபப் பெண். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பேர் வந்து, பிரசவத்தில் தவிக்கும் மனைவியைக் காப்பாற்றக் கேட்டார்கள். டாக்டரான அப்பா இருந்தார். ஆனால் ஆண் பார்க்கக்கூடாதென்று போய்விட்டார்கள். மூன்று பெண்களும் மரித்தார்கள்.

அந்தப் பாரம் அவரைப் படிக்க அனுப்பியது. 1899-ல் டாக்டரானார். 1900-ல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு ஆரம்பித்தார். 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி திறந்தார். அதுதான் இன்றைய சி.எம்.சி.!

அந்த இரவுக்கும் வேலூருக்கும் நடுவே எத்தனை வருஷப் படிப்பு! கண்ணீர் விதை மட்டும்தான்; உழவேண்டியது நாம்.

தேவபிள்ளையே, கூட்டத்தில் அழுகிறாய். வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுத்தால் போச்சு! உன்னை அசைத்த செய்தி எது? அதற்காக இந்த வாரமே ஒரு காரியம் செய். சின்னதாயிருந்தாலும் பரவாயில்லை. கர்த்தர் உன்னோடு இருப்பார். ஆமென்.