வில்லடிக்கும் இடத்துக்குப் போங்கள்

கேள்வி: கதைப்பாடல் புத்தகங்களை வாசித்துக் காட்டினால் என் மகளுக்குச் சலிப்பு வருகிறது. என்ன செய்யலாம்?

பதில்: அவள்மேல் தவறில்லை. கதைப்பாடல் காதுக்கானது. நா. வானமாமலை பதிப்பித்த ‘முத்துப்பட்டன் கதை’யை மதுரைப் பல்கலைக்கழகம் 1971-இல் வெளியிட்டது பெரிய காரியம். ஆனால் உடுக்கும் குடமும் ஜால்ராவும் அச்சில் ஏறாதே! நெல்லை, குமரிப் பக்கம் கோயில் கொடை விழாவில் நடக்கும் வில்லுப்பாட்டுக்கு அழைத்துப் போங்கள். புலவர் பாட, பக்கத்தில் இருப்பவர் ‘ஆமா’ போட, வீசுகோல் விழும்போதெல்லாம் வில்லின் மணிகள் குலுங்கும். நள்ளிரவில் அந்தக் கதையே சாமியாடியின் உடம்பில் இறங்கும். பிறகு காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலைக் காட்டுங்கள். பொம்மக்கா, திம்மக்கா என்ற இரு பெண்களை மணக்கச் சாதியை உதறி, செருப்புத் தைத்த முத்துப்பட்டனுக்கு அங்கே இன்றும் செருப்புதான் காணிக்கை. ஏன் என்று அவளே கேட்பாள். அப்போது பாடியே சொல்லுங்கள், சுதி தப்பினாலும்.