பல்லுக்கும் உண்டு மெயின்டனன்ஸ்!

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்)

"ஆண்டு மலர்ல பல்லைப் பத்தியா எழுதப்போறே? வேற விஷயமே கிடைக்கலையா?" என்று ஹாஸ்டலில் சிரித்தார்கள். சிரித்தவர்களில் பாதிப் பேருக்குக் கடைவாய்ப் பல்லில் கறுப்புப் புள்ளி தெரிந்தது. எழுதியே தீர்வது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்!

மெஷின் நின்றுபோன பிறகு ஓடிப்போய்ப் பார்ப்பது பிரேக்டவுன் மெயின்டனன்ஸ். நிற்பதற்கு முன்பே நாள் குறித்துப் பார்ப்பது பிரிவென்டிவ் மெயின்டனன்ஸ். இரண்டாவதுதான் சிறந்தது என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்குகிறோம். ஆனால் நம் வீடுகளில் பல்லுக்கு மட்டும் முதல் வகைதான். "வலிக்கும்போது பார்த்துக்கலாம்!"

இதில் என்ன தப்பு? பல்லைப் பொறுத்தவரை வலி முதல் எச்சரிக்கை அல்ல, பெரும்பாலும் கடைசி எச்சரிக்கை. பல்லின் மேலுறையான எனாமல்தான் நம் உடம்பிலேயே கடினமான பொருள். எடையில் சுமார் 96 சதவீதம் தாது உப்பு. அதில் நரம்பே கிடையாது. பல்லில் படிந்துள்ள கிருமிகள் நாம் தின்னும் சர்க்கரையை அமிலமாக மாற்றுகின்றன. பி.எச். அளவு சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையும். எச்சில் அதைச் சரிக்கட்ட அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். அதனால் 4 மிட்டாயை ஒரே தடவையில் தின்பதைவிட, நாள் முழுக்க 4 தடவையாகத் தின்பதுதான் அதிகக் கெடுதல். கேன்டீன் டீக்கும் இதே கணக்குதான்!

இப்படிக் கரைந்து கரைந்து, ஓட்டை நரம்பை நெருங்கும்போதுதான் 'ஐயோ' என்கிறோம். முன்பே போயிருந்தால் அடைத்தால் போதும். பிறகு போனால் வேர் சிகிச்சை. இன்னும் தாமதித்தால் பிடுங்கிவிட்டுக் கட்டுப்பல். ஒவ்வொரு படிக்கும் வலியும் செலவும் ஏறும்.

இனி வீட்டில் ஒவ்வொருவராகப் பார்ப்போம்.

குழந்தைகள்: ஒரு வயது முடிவதற்குள் ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். பால்புட்டியை வாயில் வைத்தபடியே தூங்க விடக்கூடாது. 'விழப்போற பல்தானே' என்று சொத்தையை விட்டுவிடவும் கூடாது. பின்னால் வரும் பல்லுக்கு இடம் பிடித்து வைப்பது பால்பல்தான். சுமார் 6 வயதில், எந்தப் பல்லும் விழாமலே, வரிசைக்குப் பின்னால் ஒரு கடைவாய்ப்பல் முளைக்கும். அது நிலையான பல். போனால் மறுபடி முளைக்காது. பால்பல் என்றே பல வீடுகளில் நினைத்துவிடுகிறார்கள்.

கர்ப்பிணிகள்: அக்காவுக்கோ அண்ணிக்கோ ஈறு வீங்கி ரத்தம் வந்தால் 'பிரசவம் முடியட்டும்' என்று தள்ளிப்போட வேண்டாம். கர்ப்பமாக இருப்பதைச் சொல்லியே காட்டலாம்.

பெரியவர்கள்: சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஈறு நோய் சுலபமாக வரும். ஈறு நோய் முற்றினால் சர்க்கரை கட்டுக்குள் வருவதும் சிரமம். தாத்தாவின் பல்செட்டைத் தினமும் தேய்த்து, இரவில் கழற்றித் தண்ணீரில் போட வேண்டும். வெந்நீர் கூடாது, வளைந்துவிடும்.

நாம்: பாக்குப் பொட்டலத்தையும் புகையிலையையும் வாயில் அடக்கும் நண்பர்களுக்கு இது. வாய் திறப்பது குறைந்தாலோ, கன்னத்தில் வெள்ளைத் திட்டு வந்தாலோ, புண் 2 வாரமாகியும் ஆறாவிட்டாலோ உடனே காட்டுங்கள். வாய்ப்புற்று ஆரம்பத்தில் வலிக்காமலே இருக்கலாம். தள்ளிப்போட்டால் போவது பல் மட்டுமல்ல, உயிர்.

அடுத்தது பயம். "மேல்பல்லைப் பிடுங்கினா கண்ணு போயிடும்" என்பார் என் பாட்டி. எலக்ட்ரிக்கல் நண்பர்களுக்கு உடனே புரியும்: இரண்டும் தனித்தனி சர்க்யூட். பல்லுக்கு வரும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. "கிளீன் பண்ணினா பல் ஆடும்" என்பது இன்னொன்று. ஈறுக்கடியில் காரை படிந்து, ஈறு நோய் முற்றி, பல்லைத் தாங்கும் எலும்பு ஏற்கெனவே கரைந்திருக்கும். காரையை எடுத்ததும் ஆட்டம் வெளியே தெரிகிறது, அவ்வளவுதான்.

அந்த 'கொய்ங்' சத்தம்? அது காற்றில் சுழலும் சின்ன டர்பைன். நிமிடத்துக்கு 3 லட்சம் சுற்றுக்கும் மேல் போகும். கூடவே பீய்ச்சும் தண்ணீர், நம் லேத்தில் ஊற்றும் கூலன்ட் மாதிரி, சூட்டில் பல்லின் உயிர்ப்பகுதி கெடாமல் காக்கிறது. மரத்துப்போக ஊசி போட்டால் வலியும் தெரியாது.

காசில்லை என்று தயங்க வேண்டாம். மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனைகளில் பல் பிரிவு உண்டு. சென்னையில் 1953-ல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரி, கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே இருக்கிறது.

நண்பர்களே! ஃப்ளோரைடு கலந்த பேஸ்ட்டால் காலையிலும், முக்கியமாக இரவு படுக்கும் முன்பும், 2 நிமிடம் தேயுங்கள். அடுத்த லீவில் ஊருக்குப் போகும்போது வீட்டில் எல்லோரையும், வலி இல்லாதவர்களையும் சேர்த்து, ஒரு நாள் அழைத்துப் போங்கள். லேத்துக்கு ஸ்பேர் பார்ட் கடையில் கிடைக்கும். நிலையான பல்லுக்குக் கிடைக்காது!