வலிக்கும் முழங்காலும் பரங்கிமலையும்

அம்மாவைப் பரங்கிமலை மாதா கோயிலுக்கு அழைத்துப் போக ஆசை. முழங்கால் வலியோடு படியேற முடியுமா? மேலே முக்கியமாக எதைப் பார்க்க வேண்டும்? – வாசகி, திண்டிவனம்

படியை மறந்துவிடுங்கள்; கோயில் வாசல் வரை ஆட்டோ போகும். ஆர்மீனிய வணிகர் பெட்ரஸ் உஸ்கான் 1726-இல் கட்டிக் கொடுத்த படிகள் அவை. சைதாப்பேட்டையில் அடையாற்றுக்கு முதல் பாலம் கட்டியவரும் அவரே. அம்மா கோபிக்கமாட்டார் என்றால், நீங்கள் மட்டும் ஏறிப் பாருங்கள்.

உள்ளே நேராகப் பீடத்துக்குப் போங்கள். அங்குள்ள கற்சிலுவை, 1547-இல் போர்த்துக்கீசியர் அஸ்திவாரம் தோண்டியபோது கிடைத்தது. ஓரத்தில் பாரசீகத்தின் பழைய பஹ்லவி எழுத்து. புனித தோமா செதுக்கியது, இரத்தம் வியர்த்தது என்பது பக்தர்களின் நம்பிக்கை. டிசம்பர் 18 திருவிழாவன்று கூட்டம் நெரியும். அம்மாவோடு வேறொரு நாள், காலையிலேயே போய்விடுங்கள்.