மண் கல் வீடு: பாதி செலவுன்னு சொல்றாங்களே, நிஜமாவா?

ஆரோவில் பக்கம் கட்டின மண் கல் வீட்டு வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீங்க. பூசாத சுவர், உள்ளே குளுகுளுன்னு காத்து, மேலே "சிமென்ட் வீட்டை விடப் பாதி செலவு"ன்னு தலைப்பு. வீடு நல்லாத்தான் இருக்கும், அதுல சந்தேகமே இல்லை. அந்தப் "பாதி செலவு"தான் நாம உட்கார்ந்து கணக்குப் போட வேண்டிய இடம்.

இது யாரோ நேத்து கண்டுபிடிச்ச விஷயம் இல்லை. லாரி பேக்கர் திருவனந்தபுரத்தில் பல வருஷம் கட்டிக் காட்டினதுதான் 'ராட் டிராப்' முறை. செங்கல்லைப் படுக்க வைக்காம நெட்டுக்கு நிறுத்தி, நடுவில் காலி இடம் விட்டுக் கட்டுவாங்க. செங்கல் சுமார் 25% குறையும், வெயில் உள்ளே இறங்குறதும் குறையும். மண் கல் வேற கதை. மண்ணோட சுமார் 5% சிமென்ட் சேர்த்து மெஷினில் அழுத்தி, சூளையில் சுடாமலே எடுக்கிற கல். இதுக்கு ஐ.எஸ். 1725-னு இந்தியத் தர விதியே இருக்கு. ஆக, டெக்னாலஜி மேல எனக்குப் பயம் இல்லை. நம்ம பட்ஜெட் மேலதான் பயம்.

ஒரு உதாரணம் பார்ப்போம். வீட்டுக்கு மொத்தம் 25 லட்சம், அதில் சுவர் வேலைக்கு மட்டும் 4 லட்சம்னு வெச்சுக்கோங்க. சுவரில் 25% மிச்சம் பண்ணினா 1 லட்சம். மொத்த வீட்டுக்கு அது வெறும் 4%. அஸ்திவாரம், கதவு, டைல்ஸ், வயரிங், பிளம்பிங் எதுவும் குறையலை. பூச்சு வேலையும் பெயின்ட்டும் வேண்டாம்னா இன்னும் கொஞ்சம் மிஞ்சும். பாதியெல்லாம் ஆகாது.

இப்போ அடுத்த பக்கம். இந்த வேலை தெரிந்த கொத்தனார் ஊருக்கு ஊர் கிடைக்க மாட்டார். வந்தவர் பாதியில் போயிட்டா வேலை நிக்கும். அதுவரைக்கும் பேங்க் 15 லட்சம் கொடுத்திருக்கு, வட்டி 8.5%னா மாசம் 10,625 ரூபாய் வட்டி மட்டும். நீங்க இருக்கிற வாடகை வீட்டுக்கு 12,000. மூணு மாசம் தள்ளிப்போனா 67,875 ரூபாய் காலி. மிச்சம் பிடிச்ச 1 லட்சத்தில் மூணில் ரெண்டு பங்கு போயாச்சு, இன்னும் ஒரு கல் கூட உடையலை!

அதனால, எந்த இடத்தில் புதுசு பண்றோம்ங்கிறது முக்கியம். நம்ம முதலீட்டில் பெரும்பங்கைப் பாதுகாப்பா வெச்சு, சின்னப் பங்கில்தானே ரிஸ்க் எடுப்போம்? வீட்டிலும் அப்படியே பண்ணலாம். தூணும் பீமும் எடையைத் தாங்கட்டும், நடுவில் நிரப்புற சுவரை மண் கல்லில் கட்டுங்க. சுவர் சரியில்லைன்னா அந்தச் சுவரை மட்டும் மாத்திக்கலாம். சுவரே எடை தாங்கும்படி கட்டினா செலவு இன்னும் குறையும். ஆனா தப்பு நடந்தா வீடே மாட்டிக்கும். கூரையிலும் இதே எச்சரிக்கை வேணும். கான்கிரீட்டின் அடிப்பகுதியில் ஓடு வெச்சுப் போடுற 'ஃபில்லர் ஸ்லாப்' நல்ல முறைதான், கம்பிக் கணக்கை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் போட்டிருந்தா மட்டும்.

மண்ணும் எல்லா மண்ணும் ஆகாது. மணல் அதிகமா, களி கொஞ்சமா இருக்கணும். கரிசல் மண்ணில் சிமென்ட் சேர்த்துக் கல் அடிச்சுத் தர்றேன்னு யாராவது சொன்னா நைசா நழுவிடுங்க. ஈரத்தில் கல்லோட பலம் குறையும், அதனால லேபில் ஊற வெச்சு டெஸ்ட் பண்ணின ரிப்போர்ட் கேளுங்க. 28 நாள் ஈரமும் நிழலும் காட்டாம சைட்டுக்கு வந்த கல்லை இறக்கவே விடாதீங்க.

பேங்க் விஷயம் பலரும் கடைசியில் யோசிக்கிறாங்க, அதான் சிக்கல். கடன் மொத்தமா வராது. வேலை நடக்க நடக்க அவங்க இன்ஜினியர் வந்து பார்த்துத்தான் தவணை விடுவாங்க. அவருக்கு இந்த முறை பழக்கமில்லைன்னா மதிப்பைக் குறைச்சுப் போடலாம். அந்தப் பள்ளத்தை நிரப்ப பெர்சனல் லோன் எடுத்தா வட்டியில் எல்லா மிச்சமும் கரைஞ்சிடும். பிளான் அப்ரூவல், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் சான்று, கல் டெஸ்ட் ரிப்போர்ட் மூணையும் அஸ்திவாரத்துக்கு முன்னாடியே கொடுத்து, பேங்க்கோட பதிலை மெயிலில் வாங்கிக்கோங்க. வீட்டு இன்சூரன்ஸ் படிவத்திலும் சுவர் எதில் கட்டினதுன்னு மறைக்காம எழுதுங்க. மறைச்சா கிளெய்ம் சமயத்தில் உதைக்கும்.

இன்னொண்ணு, வேலை தெரிஞ்சவர்னு சொல்ற கான்ட்ராக்டரிடம், அஞ்சு மழையாவது பார்த்த ரெண்டு வீட்டு முகவரி கேளுங்க. சித்திரையில் போகாதீங்க. கார்த்திகையில், மழை பெய்யுறப்போ போய், பாத்ரூமை ஒட்டின சுவரையும் தரையிலிருந்து ஒரு அடி உயரம் வரைக்கும் வெளிச்சுவரையும் தொட்டுப் பாருங்க. விரலில் மண் ஒட்டுச்சுன்னா அட்வான்ஸை எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வந்துடுங்க.