கையெழுத்துப் போட்ட பிறகு

ரெட்டியார்பாளையம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். நேற்று போனில் உன் அம்மா விஷயத்தைச் சொன்னாள். ஜிம்மில் ஒரு வருடத்துக்கு 36,000 ரூபாய் என்று பேசி, அதை மாதத் தவணையாக்கி, நாலு பக்கத் தாளில் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டாயாம். சில நாள் போனதும் முட்டி வலி வந்து, பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். ரத்து செய்யக் கேட்டால், "நீங்கதானே மேடம் சைன் பண்ணீங்க" என்று அந்தத் தாளையே காட்டுகிறார்கள். அப்பாவுக்குத் தெரிந்தால் திட்டுவார் என்று நீ வாய் திறக்காமல் தவணை கட்டிக்கொண்டிருக்கிறாய். எனக்குக் கவலை இதில்தான். படிக்காமல் போட்டோமே என்ற வெட்கத்தில் எத்தனையோ பேர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். அந்த வாயடைப்பில்தான் இந்த வியாபாரம் பாதி ஓடுகிறது.

இது உனக்கு மட்டும் நடப்பதில்லை. ஸ்டெஃபானோ டெல்லாவிக்னா, உல்ரிகே மால்மெண்டியர் என்ற இரண்டு பொருளியல் அறிஞர்கள் 2006இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அமெரிக்காவில் மூன்று உடற்பயிற்சிக் கூடங்களில் 7,752 உறுப்பினர்களின் வருகைப் பதிவை அலசியிருந்தார்கள். மாதம் 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள் மாதத்துக்குச் சராசரியாக 4.3 தடவைதான் போயிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் 17 டாலருக்கு மேல் விழுந்திருக்கிறது. பத்து தடவைக்கான சீட்டை வாங்கியிருந்தால் தடவைக்கு 10 டாலரில் முடிந்திருக்கும். கடைசியாகப் போன நாளுக்கும் ரத்து செய்த நாளுக்கும் நடுவே இரண்டு மாதத்துக்கு மேல் சும்மா கட்டியிருக்கிறார்கள். அப்புறம் பார்த்துக்கலாம் என்று தள்ளிப்போடுவது ஊர் உலகத்தில் எல்லாரும் செய்வதுதான். நீ தள்ளிப்போடாதே, அவ்வளவுதான்.

படிக்காமல் கையெழுத்து என்றதும் எனக்கு உன் தாத்தா நினைவுதான் வருகிறது. அவர் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் காலத்தில் ஒரு நொத்தேரிடம், அதாவது பத்திரம் எழுதும் அதிகாரியிடம், குமாஸ்தாவாக இருந்தவர். 1803ஆம் வருடத்து பிரெஞ்சு நொத்தேர் சட்டப்படி, பத்திரத்தை இரண்டு தரப்பாருக்கும் வாசித்துக் காட்ட வேண்டும். வாசித்துக் காட்டியதைப் பத்திரத்திலேயே குறிக்க வேண்டும். தொகையையும் தேதியையும் எண்ணில் போட்டால் போதாது, எழுத்தில் எழுத வேண்டும். எழுத்து தெரியாதவருக்கும் தான் எதற்கு ஒப்புக்கொள்கிறோம் என்று காதால் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு வழி இருந்தது. ஜிம் கவுண்டரில் வாசித்துக் காட்ட யாரும் இல்லை. ஆஃபர் இன்னைக்கு ராத்திரியோட முடியுது என்று அவசரப்படுத்த மட்டும் ஆள் இருக்கிறது.

இனி சட்டம் உனக்கு என்ன தருகிறது என்று சொல்கிறேன். ஆயுள் காப்பீட்டு பாலிசி எடுத்தால் 30 நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பிவிடலாம். ஜிம் உறுப்பினர் சேர்க்கைக்கு அப்படி ஒரு அவகாசம் நம் நாட்டுச் சட்டத்தில் இல்லை. படிக்கவில்லை என்று சொன்னால் கையெழுத்து செல்லாமல் போய்விடாது. அதே சமயம், தாளில் அச்சடித்த எல்லாமே வேதவாக்கும் இல்லை. 1872ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டம் 74ஆவது பிரிவின்படி, ஒப்பந்தத்தை முறித்ததற்கு எவ்வளவு தொகை எழுதியிருந்தாலும் நியாயமான இழப்பீடு மட்டும்தான் கேட்க முடியும். எழுதிய தொகை அதற்கு உச்சவரம்பு. 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், நஷ்டத்தின் அளவுக்குக் கொஞ்சமும் பொருந்தாத அபராதத்தை விதிக்கும் ஒப்பந்தத்தை நியாயமற்ற ஒப்பந்தம் என்றே சொல்கிறது.

அந்த நாலு பக்கத்தையும் இன்றைக்கு உட்கார்ந்து படி. படிக்கும்போது ஒவ்வொரு நிபந்தனையிலும் ஒரே கேள்வி கேள்: நான் தவறினால் என்ன, அவர்கள் தவறினால் என்ன? 2019 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் தீர்த்த பயனியர் அர்பன் வழக்கில் இந்தக் கேள்விதான் எழுந்தது. வீடு வாங்கியவர் பணம் கட்டத் தாமதித்தால் 18 சதவீத வட்டி. கட்டுமான நிறுவனம் தாமதித்தால் 9 சதவீதம்தான். இப்படி ஒருபக்கமாகச் சாய்ந்த ஒப்பந்தத்துக்கு வாங்கியவரைக் கட்டிப்போட முடியாது என்று சொல்லி, பணத்தை வட்டியோடு திருப்பித் தரச் சொன்ன உத்தரவை உறுதி செய்தது கோர்ட். உன் தாளில் "எக்காரணம் கொண்டும் பணம் திருப்பித் தரப்படாது" என்று இருக்கும். கூடவே, பயிற்சியாளரையும் நேரத்தையும் அவர்கள் இஷ்டத்துக்கு மாற்றலாம் என்றும் இருக்கும். இரண்டையும் பென்சிலால் கோடு போட்டு வை.

ஒன்றை மட்டும் செய்துவிடாதே. கோபத்தில் வங்கியில் ஆட்டோ டெபிட்டை நிறுத்திவிடாதே. நீ தவணை கட்டுவது ஜிம்முக்கு இல்லை. கடன் கம்பெனி ஜிம்முக்கு முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டு உன்னிடம் மாதாமாதம் வசூலிக்கிறது. அது வேறு ஒப்பந்தம், வேறு கையெழுத்து. தவணை தவறினால் பவுன்ஸ் சார்ஜ், அபராதம், சிபில் ஸ்கோர் அடி எல்லாம் உன் தலையில்தான் விழும். நாளைக்கு நீ வீட்டுக் கடன் கேட்கப் போகும்போது இந்தப் பழைய தவணை குறுக்கே நிற்கும். மொபைலில் எடுத்த கடன் என்றால், முக்கிய விவரச் சீட்டு ஒன்று வந்திருக்கும். அபராதமில்லாமல் விலகும் அவகாசம் அதில் குறித்திருக்கும். அவகாசம் தாண்டியிருந்தால், ஜிம்மிடம் கேட்க வேண்டியது இதுதான்: உறுப்பினர் சேர்க்கையை ரத்து செய்து, பயன்படுத்தாத காலத்துக்கான பணத்தைக் கடன் கம்பெனிக்குத் திருப்பி அனுப்புங்கள்.

இதை வாயால் கேட்காதே. எழுத்தில் கேள். சேர்ந்த தேதி, உறுப்பினர் எண், எத்தனை நாள் போனாய், டாக்டர் என்ன எழுதினார், எந்தத் தேதியிலிருந்து ரத்து, எவ்வளவு திருப்பித் தர வேண்டும், 15 நாளுக்குள் பதில் என்று ஒரே பக்கத்தில் முடித்துவிடு. திட்டு வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம். போன நாளுக்கான கட்டணத்தை நீயே கழித்துக் காட்டு. அது அவர்களுக்குச் சேர வேண்டிய பணம். மெயிலில் ஒன்று, நம்ம ரெட்டியார்பாளையம் தபால் ஆபீசிலிருந்து ஸ்பீடு போஸ்டில் ஒன்று என்று அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வை. வாட்ஸ்அப்பில் அவர்கள் கொடுத்த வாக்குறுதிகளையும் எடுத்து வை. கவுண்டரில் பேசிய வார்த்தைக்கு வேறு சாட்சி கிடையாது.

பதில் வராவிட்டால் 1915க்கு போன் போடு. தேசிய நுகர்வோர் உதவி எண் அது, தமிழிலேயே பேசலாம். கம்பெனியிடம் பேசித் தீர்க்கப் பார்ப்பார்கள். அதிலும் தீரவில்லை என்றால் புதுச்சேரி மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருடம் கெடு. வழக்கு என்றால் பெங்களூரில்தான் என்று தாளில் இருந்தாலும் பயப்படாதே. நீ குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. நியாயமற்ற ஒப்பந்தம் என்று மட்டும் வழக்காட வேண்டுமானால் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். உன் விஷயத்தில் சேவைக் குறைபாடு, முறையற்ற வணிகம் என்று மாவட்டத்திலேயே கேட்பது சுலபம்.

பெரும்பாலும் கடிதம் போனதுமே கூப்பிட்டுப் பேசுவார்கள். ஆறு மாதம் ஃப்ரீஸ் பண்ணித் தர்றோம், வேறு யாருக்காவது மாத்திக் குடுங்க என்பார்கள். முட்டி ஆறிய பிறகு நிஜமாகவே போவாய் என்றால் ஃப்ரீஸ் தப்பில்லை. இல்லை என்றால் ஒத்துக்கொள்ளாதே. பாதிப் பணத்துக்கு மேல் தருகிறோம் என்று இறங்கி வந்தால் யோசித்துப் பார்; முழுதும் வாங்கியே தீருவேன் என்று வருடக்கணக்கில் அலைவதைவிட அது மேல் என்பது என் எண்ணம். ஆனால் பாக்கி எதுவும் இல்லை என்ற தாளில், பணம் ஏறிய பிறகுதான் கையெழுத்துப் போட வேண்டும். கடன் கம்பெனியிடம் நோ டியூஸ் கடிதத்தையும் கேட்டு வாங்கிக்கொள்.

அப்பாவிடம் நானே பேசிக்கொள்கிறேன். கடிதத்தை எழுதியதும் எனக்கு அனுப்பு, தபாலில் போடுமுன் பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
பெரியப்பா