தாரணையும் மறதியும்

சித்தன்னவாசல் மலையில் ஏழடிப்பட்டத்துக் குகைத்தளத்தை நம்மவர் பலர் கண்டிருப்பர். வழவழப்பாகச் செதுக்கிய 17 கற்படுக்கைகள் அங்கு உள்ளன. அவற்றில் துயின்ற அறவோரிடம் சுவடிக்கட்டு இருந்திருக்குமா? ஏடும் உடைமையே எனத் துறவியர் கருதிய காலம் உண்டு. அக்காலத்து ஆகமம் நெஞ்சிலும் நாவிலுமே வாழ்ந்தது.

அந்நெஞ்சின் தொழிலை நம் ஆசாரியர்கள் ஆராயாமல் விட்டிலர். தத்வார்த்த சூத்திரத்தின் முதல் அத்தியாயத்தில் உமாசுவாமிகள் மதிஞானத்தை அவக்ரஹம், ஈஹா, அவாயம், தாரணை என நான்காக வகுத்தார். தெருமுனையில் ஓர் உருவம் எனக் காண்பது அவக்ரஹம்; நடையை நோக்கி, அத்தையாக இருக்கலாம் என ஆராய்வது ஈஹா; அத்தையே எனத் துணிவது அவாயம்; துணிந்ததை மறவாது தாங்குவது தாரணை. கவனித்துத் துணியாத ஒன்று நினைவில் தங்காது என்பது இவ்வரிசையிலேயே விளங்கும்.

ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் எபிங்ஹாஸ் மறதியை அளக்கத் தம்மையே சோதனைப் பொருளாக்கினார். பொருளற்ற அசைகளை மனனம் செய்வார்; சில காலம் விட்டு மீண்டும் கற்பார்; முன்னினும் எவ்வளவு உழைப்பு மிச்சமாயிற்று என்று கணக்கிடுவார். 1885இல் அவர் வெளியிட்ட முடிவின்படி, அம்மிச்சம் 20 நிமிடங்களுக்குப்பின் 58 விழுக்காடு, ஒரு நாளுக்குப்பின் 34, ஒரு மாதத்திற்குப்பின் 21. மறதி முதல் நாளிலேயே விரைந்து, பின்னர் மெல்ல நடக்கிறது. ஒரே அமர்வில் பன்முறை ஓதுவதினும், நாள் இடைவிட்டு ஓதுவது உழைப்பைக் குறைக்கும் என்பதும், பொருளுள்ள செய்யுளுக்குப் பத்தில் ஒரு பங்கு உழைப்பே போதும் என்பதும் அவர் கண்டவை.

ஆசிரியப் பயிற்சியில் இவ்வளைகோட்டை அழகாக வரைந்து மதிப்பெண் பெற்றேன். வகுப்பறைக்கு வந்தபின் "பத்துமுறை எழுதி வா" என்றே பல்லாண்டுகள் சொன்னேன்! 2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்னும் இருவர் நடத்திய ஆய்வைப் பின்னர்ப் படித்தபோது நாணினேன். ஐந்து நிமிடங்களில் கேட்டபோது திரும்பத் திரும்ப வாசித்தோரே முந்தினர். ஒரு வாரம் சென்றபின், நூலை மூடி நினைவுகூர்ந்து பழகியோரே மிகுதியாகச் சொன்னார்கள்.

ஊர்ஜயந்தகிரியின் சந்திரக் குகையில் வாழ்ந்த தரசேனாசாரியர், ஆகம அறிவு தம்மோடு மறையுமோ என அஞ்சிப் புஷ்பதந்தர், பூதபலி இருவரையும் வரவழைத்துக் கற்பித்தார். அவ்விருவரால் ஷட்கண்டாகமம் உருப்பெற்றது. அந்நிறைவையே சுருதபஞ்சமியாகக் கொண்டாடுகிறோம். பூதபலியார் திரமிள நாட்டிற்கு, அதாவது நம் தமிழகத்திற்கு, வந்தார் என வீரசேனரின் தவளை உரை கூறுகிறது.

பொழுதடையுமுன் உண்ண அமரும்போது என் பாட்டியார் ஒரு தோத்திரம் சொல்வார். அதில் எனக்கு எஞ்சியிருப்பது முதல் இரண்டடியே. எந்நூலிலும் மீதியைக் காணவில்லை. உங்கள் இல்லத்துப் பெரியோர் சொல்வனவற்றை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். பின் இரண்டிரண்டு அடியாகப் பொருளுடன் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். மறுநாள் காலை ஒருமுறை, மூன்று நாள் கழித்து ஒருமுறை, அடுத்த வாரம் ஒருமுறை ஏட்டை மூடிவைத்துக் கேளுங்கள். குழந்தை தடுமாறினால் உடனே எடுத்துக்கொடாமல், பத்து எண்ணும் வரை பொறுத்திருங்கள்.