கொரோனா விதி போயிற்று, மஞ்சள் அட்டை போகவில்லை

கொரோனா பரிசோதனை, தடுப்பூசிக் கட்டாயங்களைப் பெரும்பாலான நாடுகள் விலக்கிவிட்டன. அமெரிக்கா தடுப்பூசிக் கட்டாயத்தை 2023 மே மாதம் விலக்கியது. ஆனால் கென்யா, உகாண்டா, நைஜீரியா பக்கம் போகிறவர்களுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று, அதாவது மஞ்சள் அட்டை, இன்றும் அவசியம். போகும்போது யாரும் கேட்கவில்லையே என்று இருந்துவிடாதீர்கள். அது இல்லாமல் திரும்பி வந்து இந்தியாவில் இறங்கினால், 6 நாள் வரை தனிமைப்படுத்தி வைக்கலாம்.

ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்று செல்லுபடியாகும். ஆகவே டிக்கெட் எடுத்த கையோடு ஊசிக்கும் நாள் குறியுங்கள். அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே போடுவார்கள்; சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் அப்படியொன்று. பாஸ்போர்ட்டைக் கொண்டுபோய், அட்டையில் பெயரும் எண்ணும் எழுத்துப் பிசகாமல் இருக்கின்றனவா என்று அங்கேயே பாருங்கள்.

இது உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்த தடுப்பூசி. முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், 60 வயதைத் தாண்டியவர்கள் முதலில் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். டிராவல்ஸ்காரர் சொல் இதற்குப் போதாது.

2016 ஜூலை முதல் இந்தச் சான்று ஆயுள் முழுக்கச் செல்லும். பழைய அட்டையில் 10 ஆண்டு என்றிருந்தாலும் கவலை வேண்டாம். அசல் அட்டையைக் கைப்பையிலேயே வையுங்கள்.